கழற்றி வைத்த கால்

கொடியில் புதிதாக ஓர் உறை காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, மேல் ஓரத்தில் நீலக் கோடு போட்டது. கந்தவேலின் பனியனுக்கும் துண்டுக்கும் நடுவில், ஏதோ அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கோகிலாமணி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். பாதம் நுழைக்கிற இடம் இல்லாமல் நுனி உருண்டையாக மூடியிருந்தது. வெட்டுப்பட்ட காலுக்கு மாட்டுகிற உறைதான். ஆனால் அவரிடம் இருந்ததெல்லாம் பழுப்பேறிப்போன பழைய உறைகள். அவற்றையும் அவரே துவைத்து, யார் கண்ணிலும் படாமல் ஜன்னல் கம்பியில் காயப்போடுவார். இது மட்டும் ஊர் பார்க்கக் கொடியில் தொங்குகிறது.

"ஏனுங்க, இது ஏதுங்க?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"அதா? ரஞ்சிதா மேடம் குடுத்தாங்க. பருத்தி நூலு. வேர்வைக்கு நல்லதாமா."

"அளவு எப்பிடித் தெரிஞ்சுதாம் அவங்களுக்கு?"

"அளந்து பாத்தாங்க," என்றார் கந்தவேல், பேப்பரைப் புரட்டிக்கொண்டே.

அளந்து பார்த்தாளாம். கோகிலாமணிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். ஒரு மகனைப் பெற்று வளர்த்து, கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் விட்டாயிற்று. அந்தக் கால் முடிகிற இடத்தை இன்றுவரை அவள் கண்ணால் பார்த்ததில்லை. நேற்று வந்த ஒருத்தி டேப்பை எடுத்து அளந்திருக்கிறாள். அவரும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து காட்டியிருக்கிறார்.

கந்தவேல் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். காஷ்மீரில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பூனாவில் செயற்கைக் கால் பொருத்தி, ஊனத்துக்கு உண்டான பென்ஷனும் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் கரும்பு, ஒரு தென்னந்தோப்பு. பெண் பார்க்க வந்த அன்று பேண்ட்டும் ஷூவுமாக வந்து நெட்டுக்குத்தாக நின்றார். போயும் போயும் ஒற்றைக் காலனுக்கா என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கோகிலாமணிக்கு அந்த நிமிர்ந்த முதுகு பிடித்துப்போயிற்று. சரி என்று சொன்னது அவள்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் தெரிந்தது, முதுகைத் தவிர வேறெதையும் அவர் காட்டப்போவதில்லை என்று. வீட்டு முகப்பில் ஒரு சின்ன அறை உண்டு. ஒரு காலத்தில் நெல் அடுக்கியதால் மூட்டை ரூம் என்று பெயர். வாசல் பக்கம் ஒரு கதவு, ஹால் பக்கம் ஒரு கதவு. வெளியே போய் வந்தால் நேராக அதற்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். ஷூவோடு சேர்த்துக் காலைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு, ஹால் சுவரில் கையூன்றி வலது காலால் குதித்துக் குதித்து உள்ளே வருவார். தொம், தொம் என்று டைல்ஸில் அந்த ஒற்றைக் கால் விழுகிற சத்தத்தை வைத்தே, ஆள் சமையல்கட்டுக்கு வருகிறாரா படுக்கப் போகிறாரா என்று கோகிலாமணி சொல்லிவிடுவாள். ஆம்பிளைகள் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுவதில்லையா, அந்த மாதிரி இவர் காலைக் கழற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பார்க்க வேண்டும் என்று ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறாள், மகன் தர்ஷன் பிறந்த புதிதில். "அதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது, விடு," என்றார். வேட்டி நுனியும் உறையும் எப்போதும் மூடியே இருக்கும். படுத்தாலும் அப்படித்தான். அவளும் விட்டுவிட்டாள். விட்டாளே தவிர மறக்கவில்லை. புருஷன் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற ஒரு கதவு வீட்டில் இருக்கிறதென்றால், எந்தப் பொம்பிளைக்கும் அது மறக்கிற விஷயமில்லை.

இப்போது இரண்டு வருஷமாக வலது முட்டி வீங்க ஆரம்பித்திருந்தது. நல்ல கால் என்று நம்பியிருந்த கால். கம்பு ஊன்றாமல் நடக்க முடியவில்லை, குனிந்து மடை திருப்ப முடியவில்லை. நாமக்கல்லில் மாஜி ராணுவத்தார் கூட்டத்துக்குப் போனவர் அங்கேதான் இந்த ரஞ்சிதாவைப் பிடித்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, கேப்டனாகி, வேலையை விட்டு வந்தவளாம். திருச்செங்கோட்டில் அம்மாவோடு இருக்கிறாளாம். மாஜிகளுக்குப் பென்ஷனை முடிவு பண்ணுகிற மெடிக்கல் போர்டு விவகாரங்களைச் சும்மாவே பார்த்துக்கொடுக்கிறாளாம். அன்றைக்குத் தொடங்கியது. சோற்றில் கை வைத்தால் ரஞ்சிதா மேடம், போனை எடுத்தால் ரஞ்சிதா மேடம்.

"அந்தப் புள்ளைக்கு இன்னும் கல்யாணமே ஆவலையாமா," என்று பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள் வேறு ஒரு நாள் வெந்நீரைக் கொட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கந்தவேல் திருச்செங்கோட்டுக்குக் கிளம்பியபோது, கோகிலாமணி பட்டுக்கரை வைத்த சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ எங்க கெளம்பிட்ட?"

"நானும் வாரேன். மேடத்தைப் பாக்கோணும்."

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு, பின்னால் இரண்டு சக்கரம் சேர்த்துக் கட்டிய ஸ்கூட்டரைக் கிளப்பினார். வழியெல்லாம் அவள் மனசுக்குள் ரஞ்சிதாவுக்கு விதவிதமாக முகம் வரைந்துகொண்டு போனாள். உதட்டுச் சாயம் போட்டாள், கண்ணை உருட்ட வைத்தாள், குலுக்கி நடக்க வைத்தாள்.

கதவைத் திறந்தவள் அப்படி ஒன்றும் இல்லை. நாற்பது வயது இருக்கும். கழுத்தளவு வெட்டிய முடி, சாயம் போன சுடிதார், முகத்தில் ஒரு பொட்டு பவுடர் கிடையாது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது கோகிலாமணிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வாங்கண்ணா. ஷூவோடயே வாங்க. அக்கா, நீங்களும் வாங்க, உக்காருங்க."

அண்ணா என்று கூப்பிட்டால் ஆயிற்றா என்று நினைத்துக்கொண்டு கோகிலாமணி செருப்பை வாசலில் கழற்றினாள். நிமிர்ந்தால், கந்தவேல் ஷூவோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார். வெள்ளை டைல்ஸ் போட்ட ஹால். செம்மண் ஒட்டிய ஷூ ஒவ்வொன்றாக அச்சு வைத்துக்கொண்டு போனது. கம்பைக்கூட லேசாகத்தான் ஊன்றினார். சொந்த வீட்டில் சுவரைப் பிடித்துக் குதிக்கிற மனுஷன், இன்னொருத்தி வீட்டில் ராஜா மாதிரி இரண்டு காலால் நடக்கிறார். ரஞ்சிதா அந்த மண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு துணி கிடைத்தால் துடைக்கலாமே என்று கோகிலாமணிக்குத்தான் கை பரபரத்தது.

ரஞ்சிதா அவளுக்கும் விவரம் சொன்னாள். "இடது காலுக்கு ஏற்கெனவே பென்ஷன் வருதுங்கக்கா. இப்ப வலது முட்டி போச்சுல்ல, அது தனியா வந்த நோவு இல்ல, முதல் காயத்தோட தொடர்ச்சின்னு நாம காட்டோணும். காட்டுனா அதையும் சேத்து எழுதுவாங்க. இல்லைன்னா வயசாச்சு, தேஞ்சு போச்சுன்னு எழுதி மூடிருவாங்க. வர்ற பதினாறாந்தேதி போர்டு. ஒரே தடவைதான் ஒழுங்காக் கேப்பாங்க."

"இவங்கப்பாவுக்கும் முட்டி வலி உண்டுங்க," என்றாள் கோகிலாமணி, தனக்கும் ஏதோ தெரியும் என்று காட்டுவதற்காக.

"அதுதாங்கக்கா பயமே. பரம்பரைன்னு சொல்லிருவாங்க."

சொன்னதே தப்பாகிவிட்டதென்று அவள் வாயை மூடிக்கொண்டாள். ரஞ்சிதா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு கந்தவேலுக்கு எதிரே உட்கார்ந்தாள். "புது உறை உறுத்துதாண்ணா? கழட்டுங்க, பாக்கலாம்." அவர் சட்டென்று பேண்ட்டைச் சுருட்டினார். ஏதோ வாட்ச்சைக் கழற்றுகிற மாதிரி காலைக் கழற்றிக் கொடுத்தார். அவள் அதை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். கோகிலாமணி இருந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் ரஞ்சிதாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. எட்டிப் பார்க்க ரோஷம் விடவில்லை. முதுகுக்கு அந்தப் பக்கமிருந்து கந்தவேல் என்னவோ சொல்லிச் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

"சரிண்ணா, வீட்டுக்குள்ள எப்பிடி நடக்கறீங்க? அதைச் சொல்லுங்க," என்றாள் ரஞ்சிதா.

சிரிப்பு நின்றது. கந்தவேல் தலையை நீட்டி மனைவியைப் பார்த்தார். "கோகிலா, வண்டி டிக்கியில எக்ஸ்ரே கவரு இருக்குது. எடுத்துட்டு வா."

அவளுக்குச் சுருக்கென்றது. அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பேச வேண்டிய பேச்சு. எழுந்து போனாள். டிக்கியைத் திறந்து கவரை எடுத்தாள். திரும்பி வந்தவள் வாசலிலேயே, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டாள். ஒட்டுக்கேட்பது கௌரவமில்லை என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் கௌரவத்தைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டிருந்தாள்.

"ஷூ இல்லாம இந்தக் காலு நிக்காதுங்க மேடம்," என்று உள்ளே கந்தவேல் சொல்லிக்கொண்டிருந்தார். "ஷூவோட குதியங்கால் ஒசரத்துக்குத்தான் பூனாவுல பாதத்தைச் செட் பண்ணிக் குடுத்தாங்க. வெறுங்கால்ல ஊனுனா பின்னால இழுத்துத் தள்ளிரும். எங்கூட்டுல செருப்பு உள்ள வராதுங்க. அதனால கழட்டி வெச்சுட்டு, ஒத்தக்கால்ல குதிச்சுப் போறதுதான்."

"இத்தனை வருஷமாவா? காலையில எந்திரிச்சதுல இருந்தா?"

"ஆமாங்க."

"அண்ணா, முட்டி தேயாம வேறென்ன பண்ணும்? அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கல்யாணமான புதுசுல ஒரு நாள் ஷூவோட உள்ள போனேனுங்க. அவ ஒண்ணுமே சொல்லல. ஆனா நான் எங்கெங்க காலை வெச்சனோ, அங்கெல்லாம் பின்னாலயே ஈரத்துணி போட்டுத் தொடச்சுட்டே வந்தா. நான் திரும்பிப் பாத்துட்டேன். அவ பொறந்த ஊட்டுல அப்பிடி வளத்துட்டாங்க, அவ மேல தப்பில்ல. சொன்னா, ஷூவோடயே வாங்கன்னுதான் சொல்லுவா. அப்பறம் ஒவ்வொரு நாளும் நான் நடந்த எடத்தைத் தொடச்சுட்டே கெடப்பா. அது எனக்கு வேண்டாமுங்க."

"வீட்டுக்குன்னு தனியா ஒரு ஜோடி ஷூ வெச்சா முடிஞ்சு போற விஷயம்ணா இது."

"அன்னிக்கு அது தோணலீங்க. அப்பறம் பழகிப்போச்சு."

"சரி. இதை அக்கா வந்து போர்டுல ஒரு வார்த்தை சொன்னா நல்லது. கூட இருந்து பாத்தவங்க அவங்கதான்."

"அவளை இதுல இழுக்க வேண்டாங்க மேடம். நானே சொல்லிக்கறேன்."

கோகிலாமணி கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். நியாயமாகப் பார்த்தால் அந்த நேரத்தில் அவளுக்குப் புருஷன் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். தன்மேல் வெறுப்பாவது வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். ஈரத்துணியை அவர் பார்த்துவிட்டாராம். அந்த வலியை இத்தனை வருஷம் அடைகாத்து வைத்து, கொண்டுவந்து இவளிடம் இறக்கியிருக்கிறார். பெண்டாட்டியைப் பற்றிய ஒரு விஷயம் பெண்டாட்டியைத் தவிர இன்னொருத்திக்குத் தெரிந்திருக்கிறது.

கவரைக் கொண்டுபோய் ரஞ்சிதாவின் கையில் கொடுக்காமல் மேஜைமேல் பொத்தென்று வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல மூட்டை ரூம் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தொம், தொம். அவள் அடுப்படியில் நின்று கேட்டாள். இத்தனை நாளும் கடிகாரச் சத்தம் மாதிரி காதில் விழுந்தது, இப்போது ஒவ்வொன்றும் அவள் தலையிலேயே விழுந்தது. தரையைப் பார்த்தாள். காலையில் அவள் துடைத்து வைத்த தரை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடைப்பாள். அந்த ஈரத்தில்தான் மனுஷன் ஒற்றைக் காலில் குதித்திருக்கிறார். போன வருஷம் ஒருமுறை சமையல்கட்டு நிலையருகே வழுக்கி விழுந்தார். பார்த்து வரக்கூடாதா என்று அவள்தான் கத்தினாள்.

சுவரில் ஆள் இடுப்புக்கு மேலே ஹால் நெடுகிலும் கருப்பாக ஒரு கோடு ஓடும், அவர் கை ஊன்றி ஊன்றிப் படிந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அதை சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். "உங்க கையில என்ன கரியா பூசியிருக்குது" என்று சடைத்துக்கொள்வாள். இந்தப் பொங்கலுக்குப் பெயிண்ட்டே அடித்துவிட்டாள். அதற்குள் மறுபடியும் லேசாகக் கோடு விழுந்திருந்தது. அதன்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். கையை எடுத்தபோது அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து, திருச்செங்கோட்டு ஹாலில் அவர் ராஜா மாதிரி நடந்ததும் ஞாபகத்துக்கு வந்தது. அழுகை நின்று பல்லைக் கடித்தாள்.

ஷூவோடு வாங்க என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல வேண்டும். அதைவிட, ரஞ்சிதா சொல்லி இவள் திருந்தினாள் என்று ஆகிவிடும். அதற்கு அவள் தயாராக இல்லை. அவராக வந்து தன்னிடம் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. போர்டு நாள் வரைக்கும் தொம், தொம் என்று குதித்துக்கொண்டுதான் இருந்தார். இவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

போர்டுக்குத் தனியாகப் போகிறேன் என்றார். "முட்டியை வெச்சுட்டு ரயில்ல எப்பிடி ஏறுவீங்க, நான் வாரேன்," என்று கூடவே கிளம்பினாள். ரஞ்சிதா துணைக்கு வந்துவிடுவாளோ என்கிற பயம்தான் உள்ளே. சேலம் ஜங்ஷனில் பிளாட்பாரம் முழுக்கக் கண்ணால் துழாவினாள். ரஞ்சிதா வரவில்லை, போனில்தான் பேசினாள். "எல்லாத்தையும் சொல்லிருங்கண்ணா" என்று அவள் சொன்னது இவள் காதிலும் விழுந்தது. எல்லாத்தையுமாமே.

பட்டணத்து ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த கர்னல் தமிழ்க்காரர். கந்தவேல் கம்பை ஊன்றிக்கொண்டு உள்ளே போனபோது, கூட இருக்கிறவர்களும் வரலாம் என்று கோகிலாமணியையும் விட்டார்கள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். வெளியே இரு என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை.

கர்னல் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது காலைத் தட்டிப் பார்த்தார். "செயற்கைக் கால் நல்லாப் பொருந்தியிருக்கே. அப்புறம் வலது முட்டி ஏன் இவ்வளவு தேஞ்சிருக்கு? விவசாயமா?"

"கொஞ்சம் பாக்கறனுங்க சார். மடை திருப்பறது, தோப்புக்குப் போறது."

"அப்பாவுக்கு முட்டி வலி இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

பக்கத்தில் இருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார். கோகிலாமணி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"இந்தக் காலை நாள் பூரா போட்டிருப்பீங்களா? வீட்டுக்குள்ளயும்?"

அதுதான் கேள்வி. இதற்காகத்தான் ரயிலேறி வந்தது. பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது. ரஞ்சிதாவிடம் கடகடவென்று சொன்ன பதில். கந்தவேல் மறுபடியும் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். பிறகு பெண் பார்க்க வந்த அன்றைக்கு நின்ற மாதிரி நெட்டுக்குத்தாக நிமிர்ந்துகொண்டார்.

"வீட்டுக்குள்ளயும் போட்டுத்தான் நடக்கறேன் சார். ஒரு சிரமமும் இல்ல."

கர்னல் தலையாட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"பொய்ங்க சார்," என்றாள் கோகிலாமணி.

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நியாயத்துக்காகத்தான் அவள் வாயைத் திறந்தாள் என்று சொன்னால் அது பாதி உண்மை. திருச்செங்கோட்டுக்காரிக்கு உண்மை, எனக்குப் பொய்யா என்கிற ஆங்காரம் மீதிப் பாதி. எந்தப் பாதி அவளை நாற்காலியிலிருந்து எழுப்பியது என்று அவளுக்கே தெரியாது.

"கோகிலா, நீ சும்மா இரு," என்றார் கந்தவேல்.

"இருந்தது போதுமுங்க." அவள் கர்னலைப் பார்த்துத் திரும்பினாள். "ஊட்டுக்குள்ள அந்தக் காலை இவரு போடறதே இல்லீங்க சார். வாசல்லயே கழட்டி வெச்சுருவாரு. ஒத்தக்கால்ல குதிச்சுத்தான் சமையக்கட்டுக்கு வருவாரு, குதிச்சுத்தான் படுக்கப் போவாரு. கல்யாணமான நாள்ல இருந்து கேக்கறேன் அந்தச் சத்தத்தை. செவுத்துல கை ஊனி ஊனி ஒரு கோடே விழுந்து கெடக்குது. வருஷா வருஷம் தேச்சுக் கழுவறவ நானு."

"ஏன் கழட்டறார்? போட்டுக்கிட்டே நடக்கலாமே."

இது அவளுக்கான கேள்வி. கந்தவேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஷூ இல்லாம அந்தக் காலு நிக்காதுங்களாமா. எங்கூட்டுல செருப்பு, ஷூ உள்ள வராதுங்க. அது நான் வெச்ச பழக்கமுங்க சார். இவரு ஒரு நாளு ஷூவோட உள்ள வந்தாரு, நான் பின்னாலயே ஈரத்துணி போட்டுத் தொடச்சேன். அதுக்கப்பறம் இவரு ஷூவோட வரல. குண்டு வெச்சவன் இடது காலை எடுத்தான். வலது காலு என்னால போச்சுங்க. அதை எழுதிக்கோங்க."

கந்தவேல் மெல்ல நிமிர்ந்தார். ஈரத்துணியைத் தான் பார்த்தது இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் முகம் கேட்டது. அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

கர்னல் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "உங்களால போகலம்மா. இடது கால் இருந்திருந்தா, அவரும் எல்லாரையும் போலச் செருப்பை வாசல்ல விட்டுட்டு உள்ள நடந்து வந்திருப்பாரு. நாங்க எழுத வேண்டியது அதைத்தான்." பக்கத்தில் இருந்தவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவர் முதலில் குறித்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார். "முடிவு மேலிடத்துலதான். ஆனா நீங்க சொன்னது இதுல இருக்கும். கையெழுத்துப் போடுவீங்களா?"

"போடறனுங்க."

திரும்பி வரும்போது ஈரோடு தாண்டி வந்துவிட்டோமோ என்று நினைக்கிற அளவுக்கு நீளமாக இருந்தது ரயில் பயணம், ஆனால் சேலமே அப்போதுதான் வந்திருந்தது. இறங்கும்போது கந்தவேல் கேட்டார்: "அன்னிக்கு வாசல்ல நின்னு கேட்டுட்டு இருந்தியா?"

"ஆமா."

"என்றகிட்டயே கேட்டிருக்கலாம்."

"நீங்க என்றகிட்டயே சொல்லியிருக்கலாம்," என்றாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவர் வழக்கம்போல மூட்டை ரூம் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்தப்போனவர், கோகிலாமணி வாசல் குழாயில் துணியொன்றை நனைத்துப் பிழிந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். அவர் முகம் சுண்டிப்போனது. ஷூக் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அவள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு அந்த ஷூவை வெளியே இழுத்தாள். இடது ஷூ. உள்ளே செயற்கைப் பாதம் இருந்தது, கனமாக இருந்தது. அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு வலது ஷூ. செம்மண்ணும் ரயில் தூசியும் துணியில் ஏறின.

"எந்திரிங்க," என்றாள். "இப்பிடியே உள்ள வாங்க. நாளைக்கு ஊட்டுக்குன்னு ஒரு ஜோடி வாங்கறோம். குதியங்கால் ஒசரம் பாத்து நாந்தான் வாங்குவேன். வேற யாரும் வாங்கித் தர வேண்டாம்."

கந்தவேல் எழுந்தார். நிலையைத் தாண்டி ஷூக் காலை வைத்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவள் பின்னால் துடைத்துக்கொண்டு வருகிறாளா என்று. துணியை அவள் வாசலிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள். சுவரைத் தொடாமல், ஹாலின் நடுவில், கம்பை ஊன்றி இரண்டு காலால் நடந்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தத்தைக் கோகிலாமணி கேட்டுப் பல வருஷமாயிற்று. யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருந்தது.

படுக்கையறைக் கட்டிலில் போய் உட்கார்ந்தார். ஷூவுக்கு மேலே பேண்ட் மடிப்பில் கையை வைத்துக்கொண்டு, அவள் வெளியே போகட்டும் என்று காத்திருந்தார். அவள் கதவைச் சாத்தினாள், உள்பக்கமிருந்து. தாழ்ப்பாளையும் போட்டாள். பிறகு அவருக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், திருச்செங்கோட்டில் ரஞ்சிதா உட்கார்ந்த மாதிரியே.

"அந்தம்மா எத்தனை நேரம் பாத்தாங்க?"

"எதை?"

அவள் அவருடைய இடது காலைப் பார்த்தாள்.

கந்தவேல் கொஞ்சம் யோசித்தார். "ஒரு அஞ்சு நிமிசம் இருக்கும்."

"எனக்கு அதுக்கு மேல வேணும்," என்றாள் கோகிலாமணி.

அவர் பேண்ட்டைச் சுருட்ட ஆரம்பித்தார்.